இரண்டாவது ஊதல்

“குழாயில முழு மூச்சா ஊதுங்க. மருந்தை இழுத்துட்டு மறுபடி ஊதுங்க. கருவியோட முள் முதல் தடவையைவிட நல்லா ஏறினா ஆஸ்துமா, சமாளிச்சுடலாம். ஏறலைன்னா சிகரெட் அரிச்ச நுரையீரல், திரும்ப வராது” என்றார் டாக்டர்.

“மானத்தை வாங்காம ஊதுங்க” என்றாள் மனைவி. அவள் அப்பாவைக் கொண்டுபோனது அந்த இரண்டாவது வியாதிதான்.

கணவர் ஊதினார். மருந்தை இழுத்தார். காத்திருந்து மறுபடி ஊதினார். முள் துள்ளி ஏறியது.

“ஆஸ்துமாதான்!” என்றார் டாக்டர்.

வாசலுக்கு வந்ததும் அவள் அழுதேவிட்டாள். “உங்க மூச்சு வருதான்னு பார்த்துப் பார்த்தே ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன். இன்னைக்காவது தூங்குவேன்.”

“குறட்டை விடாம தூங்கு, தாயே” என்று சிரித்தார்.

மருந்து ஒன்றும் செய்யவில்லை. முதல் முறை ஊதும்போது பாதி மூச்சை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டார். இரண்டாவது முறை ஊதியதுதான் அவரிடம் இருந்த மொத்த மூச்சும்.