கணுக்கால் பட்டை

ஜாமீனில் வந்த அந்தோணிராயனின் கணுக்காலில், இருக்குமிடத்தைக் காட்டும் பட்டையை மாட்டி, வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பக்கத்துத் துறைமுகத்தில் எவரோ செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பிவிட, பட்டை அவரைக் கடலுக்குள் காட்டியது. அவர் வீட்டில் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்.ஐ. வாசலில் வந்து நின்றார்.

“நீரு தப்பிச்சு ஓடிட்டதா வந்திருக்கு. கெளம்பும்வே.”

“வீட்லதான சார் இருக்கேன்? நீங்களே பாக்கீங்கள்லா?”

“நான் பாக்கேன். கோர்ட்டு பட்டையத்தான பாக்கும்?”

பாதிப் பின்னலோடு மகள் ஜீப்புவரை அழுதுகொண்டே ஓடிவந்தாள். ஸ்டேஷனில், கைது செய்த இடம் என்ற கட்டத்தில் எஸ்.ஐ. தலைநிமிராமல் எழுதினார்: கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், நடுக்கடல்.

அந்தோணிராயன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.