தொட்டித் தண்ணி

மீனம்மா ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனை கிளம்பிவிட்டால் போதும், தோல் மாதிரி நீளமாக வரும். அது வருகிற சுகத்தில் கண் தானாகச் சொருகும்.

"மூக்கைப் பொத்திக்க. மாயாண்டி அண்ணன் வர்றாரு" என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயா.

மீனம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஸ்டோர் காவல்காரர் மாயாண்டி அதைப் பார்த்தார். கடந்துபோய் பாலை உறைய வைக்கிற ஆசிட் அறை வாசலில், சிமெண்டுத் தொட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

தொட்டி நிறையத் தண்ணீர். அதில் ஒரு துண்டு வானம் அசையாமல் கிடந்தது.

மலாயாவில் ஜாசின் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் மழை பெய்து மூன்று மாதம். கம்யூனிஸ்ட் கலகத்துக்காகப் போட்ட அவசரகாலம் வேறு. ஆறு முள்கம்பிக்கு அந்தப் பக்கம். போனால் பட்டாளத்துக்காரன் சுட்டுவிடுவான். உள்ளே இருப்பது ஒரே கிணறு. விடிகாலையில் ஆளுக்கு இரண்டு வாளி, குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று. கைப்பிள்ளைகளுக்குத் தனியாகக் கிடையாது.

மீனம்மாவுக்கு ஏழு மாதப் பிள்ளை. யோசித்து யோசித்து, எழுந்து போய் நின்றாள்.

"அண்ணே... பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தூங்காம அழுவுறான். ஒரு அரை வாளி..."

"இது ஆசிட்டுக்கு வச்ச தண்ணி. யாரும் தொடக்கூடாது."

"ஏண்ணே, ஆசிட்டு தாகத்துக்கு அழுவுதா?" என்றாள் ஜெயா இருந்த இடத்திலிருந்தே.

மாயாண்டி தொட்டிக்குள் விழுந்த சருகை எடுத்து வெளியே போட்டார்.

"தானும் குளிக்க மாட்டாரு, பச்சப்புள்ளையும் குளிக்கக்கூடாது. தன் பங்கு வாளியை வெத்தலைக் கொடிக்கு ஊத்துறாராம். கொடியாவது மணக்கட்டும்."

மீனம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வந்து தட்டை எடுத்தாள்.

அப்போதுதான் ஆசிட் லோரி வந்தது. பிரம்புக் கூடைக்குள் பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள். இரண்டு பேர் ஒன்றைத் தூக்கி இறக்கினார்கள். கூடையின் அடி இற்றுப்போயிருந்தது. ஜாடி நழுவிச் சிமெண்டில் விழுந்து வெடித்தது.

மீனம்மாவின் முகத்தில் யாரோ நெருப்பை விசிறினாற்போல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"எண்ணெய், தேங்காயெண்ணெய் எடுத்தா" என்று ஜெயா ஓடினாள்.

"முன்னே இதே ஆசிட் தெறிச்சப்ப எண்ணெய் தடவித்தான் பிச்சைமுத்துவுக்குக் கண்ணு போச்சு. தள்ளு."

மாயாண்டியின் குரல். அவளை அலாக்காகத் தூக்கித் தொட்டிக்குள் போட்டார். தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினார்.

"கண்ணைத் தொறந்துக்கம்மா. தண்ணிக்குள்ள தொறந்துக்க. எரியும், தொற."

திறந்தாள். எல்லாம் பச்சையாக, மெதுவாக, தூரத்தில் இருந்தது. வானம் துண்டு துண்டாக மிதந்தது. அதில் ஒரு துண்டு பிள்ளையின் முகம் மாதிரி சிரித்தது. இனிமேல் இதைத்தான் பார்க்கப்போகிறோமோ என்று நினைத்தாள். மூச்சுக்குத் தூக்குவார், மறுபடி அமுக்குவார். எத்தனை நேரமோ, அவர் விடவே இல்லை.

தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி ஓடி வந்தார்.

"என்னய்யா இது, இந்தத் தொட்டிக்குப் பைப்பை மூடி மூணு மாசமாச்சு. தண்ணி எப்படி இருந்துச்சு?"

மாயாண்டி அவளை வெளியே தூக்கிவிட்டு, ஆசிட் கலந்த தண்ணீர் ஓடட்டும் என்று அடைப்பைப் பிடுங்கினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டார். "உடனே தண்ணி கெடைச்சதால தப்பிச்சே. எட்டு நாளைக்குக் கட்டை அவுக்காதே. அப்புறம் பிள்ளையை நல்லாப் பார்க்கலாம்."

மறுநாள் விடிகாலை. கிணறு திறக்கிற மணி அடித்தது. அவளுடைய வாளிகளையும் புருஷன் காளிமுத்துவே நிரப்பிக்கொண்டு வந்துவிட்டான். மீனம்மா கட்டிய கண்ணோடு லயத்து வீட்டு வாசலில் சாய்ந்திருந்தாள். இருட்டு பஞ்சு மாதிரி இருந்தது. அதற்குள்ளே சத்தங்கள் மட்டும் நடமாடின.

வாளிக் கைப்பிடி ஒன்று கிறீச், கிறீச் என்று வந்தது. கூடவே பழைய வியர்வை நாற்றம். முந்தானைக்குப் போன கை பாதியில் நின்றது.

மாயாண்டி அண்ணன்.

வெற்றிலைக் கொடி இடது பக்கம். கைப்பிடிச் சத்தம் இடது பக்கம் திரும்பவில்லை. நேராக ஸ்டோர் பக்கம் போனது. பிறகு காலித் தொட்டியின் அடியில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்து எதிரொலித்தது.

ஒரே ஒரு வாளி.

மீனம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நேற்று நிறைந்திருந்த தொட்டிக்கு எத்தனை வாளி, எத்தனை விடியற்காலை என்று விரலை மடக்கி எண்ணினாள். அவள் கண்ணைக் கழுவிய தண்ணீர் முழுக்க, மூன்று மாதமாக அந்த மனுசர் குளிக்காமல் விட்ட குளியல்.

கைப்பிடிச் சத்தம் காலியாகத் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அண்ணே."

சத்தம் நின்றது.

"அண்ணே, நாளையிலேருந்து என் குளிக்கிற வாளியையும் அந்தத் தொட்டிக்கு..."

"மீனா, பிள்ளை முழிச்சிட்டான், உள்ள வா" என்று காளிமுத்து கூப்பிட்டான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஊத்திருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவித் தடவி உள்ளே போனாள்.