அழுகண்ணிக்கு ஊற்றிய தண்ணீர்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியவள் செருப்பைக் கழற்றியதும் கட்டிலுக்குப் போகவில்லை. வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மழைத்தண்ணி பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது.

பாட்டிலைச் சுற்றி மேலிருந்து கீழாக ஒன்பது இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். தையல்காரி இல்லையா, அளவு என்றால் அவளுக்கு நூல்தான். ஒரு நாளைக்கு ஒரு நூல் இறங்கினால் போதும் என்று ஓரகத்தி சின்னவளிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனாள். முதல் நூலுக்கே தண்ணி இறங்கக் காணோம்.

தினமும் சாயங்காலம் போன் போட்டுக் கேட்டாளே. "ஊத்திட்டேன்க்கா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்று சர்க்கரையாய்ச் சொன்னாளே சின்னவள்.

எல்லாம் ஒரு டப்பா அழுகண்ணிச் செடிக்காக. இலை முழுக்க முடி, முடி நுனியில் பனித்துளி மாதிரி ஒரு பசை. கொசு வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், செடி மெல்ல அதைத் தின்றுவிடும். துணி தைக்க வந்த வாடிக்கைக்காரி ஒருத்தி விதை கொடுத்தாள். விதையா அது? மூக்குப்பொடி. தும்மினால் போச்சு.

முதல் தடவை, மற்ற விதைகளைப் போல மண்ணுக்குள் புதைத்தாள். வெளிச்சம் படாமல் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாம் தடவை, பாவம் பசிக்குமே என்று உரம் போட்டாள், முளைத்ததெல்லாம் கருகியது. மூன்றாம் தடவை குழாய்த் தண்ணி. அதில் இருக்கிற உப்பு ஆகாதாம், நாலே நாளில் அத்தனையும் படுத்துவிட்டது. நாலாம் தடவை மழைத்தண்ணி மட்டும். ஆறு வாரம் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், குண்டூசித் தலை அளவில் பதினொரு பச்சைப் புள்ளி. கையிலிருந்த விதை அதோடு தீர்ந்தது. வாடிக்கைக்காரியும் ஊர் மாறிப் போய்விட்டாள். இது போனால் போனதுதான்.

சின்னவளுக்கு இதெல்லாம் கேலி. போன் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும், "அக்கா, இன்னிக்கு எத்தனை கொசு சாப்பிட்டாங்க?" என்று வாயைக் கிண்டாமல் உள்ளே போகமாட்டாள்.

இப்போது சமையல்கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"பாட்டில் நல்லா இருக்கே," என்றாள் பெரியவள். "வச்சது வச்சபடி."

வாயாடி வாயே திறக்கவில்லை. பெரியவளுக்கு அதுவே இன்னும் சுருதி ஏற்றிவிட்டது. இரண்டு ஸ்பூன் தண்ணி ஊற்றக் கை வலித்துவிட்டதா, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டிலாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பேனே, நான் தைக்கிற துணி வேணும், நான் வைக்கிற குழம்பு வேணும், நான் ஆசையாய் வளர்க்கிறது மட்டும் இளப்பமா என்று பொரிந்து தள்ளினாள். பேசப் பேசத் தையல் சுருக்கென்று இழுத்தது. அதற்கும் சின்னவள்தான் காரணம் என்று பட்டது.

பேசி என்ன, காய்கிற உயிருக்கு முதலில் தண்ணி காட்டுவோம் என்று டப்பாவின் மூடியை எடுத்தாள். பாட்டிலைத் திறந்து சாய்த்தாள்.

சின்னவள் பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "வேணாம்க்கா."

"நீயும் ஊத்தமாட்டே, என்னையும் ஊத்த விடமாட்டியா?"

"அது குழாய்த் தண்ணி."

பிறகு மெல்ல மெல்லக் கக்கினாள். பெரியவள் போன மறுநாளே, ஜன்னலைத் துடைக்கும்போது கை பட்டுப் பாட்டில் கவிழ்ந்துவிட்டதாம். ஒரு சொட்டு மிஞ்சவில்லை. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளிடம் இதைச் சொல்லிப் பதற வைப்பதா? வந்ததும் காலிப் பாட்டில் கண்ணில் படக்கூடாது என்று இன்று காலையில்தான் குழாயில் பிடித்து வைத்தாள். பிடித்த அவசரத்தில் நூலை மறந்துவிட்டாள். ஒரு பொய்யைக்கூட அளந்து சொல்லத் தெரியவில்லை.

பெரியவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்போ செடிக்கும் இதைத்தான் ஊத்தினியா?"

சின்னவள் இல்லையென்று தலையாட்டினாள். பூதக்கண்ணாடியை எடுத்து இடது கையால் நீட்டினாள்.

பெரியவள் குனிந்து எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. மண் ஈரமாய் இருந்தது. ஒரு குட்டி இலையில் முடி சிவந்து, நுனியில் முதல் துளி மினுங்கியது.

"மழையே இல்லேங்கிறே. அப்போ எந்தத் தண்ணி இது?"

சின்னவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பதில் வாசலிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கொழுந்தன்தான் சொன்னான்.

"அதை ஏன் கேக்கிறீங்க அண்ணி. எட்டு நாளா இந்த வீட்டில எனக்குக் காலையில டீ கிடையாது. அடுப்பில தண்ணியைக் கொதிக்க விட்டு, மூடியில படியுற ஆவியை ஸ்பூன்ல சொட்டுச் சொட்டா வழிச்சு எடுக்கிறா. அதுல உப்பு இருக்காதாம். காய்ச்சி வடிச்ச தண்ணி கடையிலயே இருக்கு, வாங்கித் தரேன்னு சொன்னேன். கடைக்காரன் எதைக் கலந்து வச்சிருக்கானோன்னு நம்பமாட்டேனுட்டா. மூடி சுட்டு மூணு விரல்ல கொப்புளம்."

"போதும், சும்மா இருங்க," என்றாள் சின்னவள்.

"நீங்களே கேளுங்க அண்ணி. மருந்து தடவுன்னா தடவமாட்டேங்கிறா. தடவின கையால ஊத்தினா செடிக்கு ஆகாதாம்."