ஆவாரஞ்செடியைக் கொல்கிறவர்

கணவர்தான் செடியைக் கொல்கிறார். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று, வேலைக்குக் கிளம்பியவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, பின்பக்க மாடிப்படியின் அடியில் மூச்சை அடக்கி நின்றாள்.

மகள் வைத்த ஆவாரை அது. பள்ளியிலிருந்து வரும் வழியில் ரயில் பாதையோரம் நெற்று பறித்து வந்து, "சும்மா கெடக்குற மண்ணுதானேம்மா" என்று ஊன்றினாள். முதல் பூ மலர்ந்தபோது பார்க்க அவள் இல்லை. ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் கணவர் மகளின் பேரை வாயில் எடுத்ததில்லை. படம் மாட்ட இவள் ஆணி அடிக்கப் போனபோது சுத்தியலை வாங்கி வைத்துவிட்டார். "அந்தச் செடியப் பாத்தாலே நெஞ்சை அடைக்குது" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

போன மாதம் இலைகள் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன. நர்சரிக்காரர் மண்ணைக் கிளறிப் பார்த்துச் சிரித்தார்.

"காட்டுச் செடிம்மா இது. கண்டுக்காம விட்டாலே பூத்துத் தள்ளும். நீங்க என்னடான்னா ஒத்தப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டியிருக்கீங்க. வேர் அழுகுது. இனிமே சொட்டுத் தண்ணி காட்டாதீங்க."

அன்றோடு நிறுத்திவிட்டாள். மகளைப் பற்றிப் பேச்சே இல்லாத வீட்டில், செடியைப் பற்றி மட்டும் யாரிடம் சொல்வது?

ஆனாலும் இலை கொட்டுவது நிற்கவில்லை. நேற்று குளியலறைக் குவளையின் அடியில் சேறு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே தரை கழுவும் ஆசிட் பாட்டில்.

பின்கதவு மெல்லத் திறந்தது. அவர் குவளையோடு வந்து, திருடனைப் போல் இருபுறமும் பார்த்துவிட்டுச் செடியருகே குனிந்தார்.

அவள் பாய்ந்து கையைப் பிடித்தாள். "என்னத்தங்க ஊத்துறீங்க? அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதையும் கொன்னாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

குவளை தளும்பி அவள் கையை நனைத்தது. எரியவில்லை. முகர்ந்து பார்த்தாள். நெடியும் இல்லை. வெறும் தண்ணீர்.

தடுமாறிச் செடியைப் பற்றினாள். சொதசொதத்த மண்ணிலிருந்து அது வேரோடு கையில் வந்தது. கறுத்து அழுகிய வேர்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நீ தண்ணி ஊத்துறதையே விட்டுட்டே... நம்ம புள்ளைய மறந்துட்டியோன்னு நெனச்சேன்."