தெனமும் கழுவோணும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். மிச்சம் இருப்பது ரெண்டுதான். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

பல்லடம் பக்கம் கரண்ட் வருவதே விசேஷமாக இருந்த வருஷம். பனியன் கம்பெனி செங்கோட்டையன் தன் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கம்பம் நட்டு, சோலார் தகடுகளை ஏற்றினார். அடியில் கிடந்த நிழலில் கீரை போட்டுப் பிழைத்துக்கொள்ளும்படி ஆயம்மாளுக்கு விட்டிருந்தார்.

சோலார் கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வந்த பிரபாகர் முதலில் கண்டது அந்த ஆயம்மாளைத்தான். எழுபது வயசுக் கிழவி, தண்ணி ஓஸைத் தூக்கிப் பிடித்துத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தகடு மினுங்கிய மினுங்கலில் ஒரு காக்கா முகம் பார்த்து, தலையைக் கோதிச் சரிபண்ணிக்கொண்டு போனது.

"தெனமுமா ஆத்தா கழுவறீங்க?"

"ஆமாங்க கண்ணு. மொதலாளி உத்தரவு."

"கூலி?"

"அதெல்லாம் ஏதுங்க."

பிரபாகருக்குச் சுருக்கென்றது. நேரே செங்கோட்டையனிடம் போனான்.

"ஏனுங்க, மாசத்துக்கு ஒருக்கா கழுவுனாப் போதுங்க. வயசானவங்களைப் போயி..."

"தம்பி, வந்த வேலையப் பாரு. தெனமும் கழுவித்தான் ஆகோணும். கழுவாட்டி அவ கீரை இங்க இருக்காது."

இவ்வளவு பெரிய மனுசனுக்கு இவ்வளவு சின்ன மனசா? பிரபாகர் விடுவிடுவென்று திரும்பி வந்தான்.

"ஓஸைக் கீழ போடுங்க ஆத்தா. பக்கத்துத் தோட்டத்துக்காரருகிட்டப் போயி நாயம் கேக்கறேன்."

ஆயம்மாள் ஓஸைப் போடவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குமாரசாமி ஐயாகிட்டவா? கெடுத்தீங்க போங்க. இந்தத் தண்ணி பங்குக் கெணத்துத் தண்ணி கண்ணு. மொதலாளிக்குப் பாதி, அவருக்குப் பாதி. வெளியாளு வெள்ளாமைக்குச் சொட்டுத் தண்ணி விடப்படாதுன்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. தகடு கழுவறதுக்குத்தான் தடையில்லீங்க."

பிரபாகர் அண்ணாந்து பார்த்தான். தகட்டில் பட்ட தண்ணீர் சரிவில் வழிந்து, கீரைப் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையிலும் கீரை கருகருவென்று நின்றது.

வரப்பில் செருப்புச் சத்தம். குமாரசாமியே வந்து நின்றார்.

"ஏந் தம்பி, நீதான் கம்பெனி ஆளா? நெசத்தைச் சொல்லு. இந்தக் கருமத்தைத் தெனமும் கழுவோணுமா?"

ஆயம்மாள் ஓஸை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தாள்.

பிரபாகர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு வேளை கழுவுனாப் பத்தாதுங்க. சாயங்காலமும் கழுவோணும்."

இந்தக் கதையை யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். குமாரசாமிக்கு இன்றைக்கும் காது நன்றாகக் கேட்கிறது. கிணற்றில் பாதியும் இன்னும் அவருடையதுதான்.