கவுன்சிலர் நேரில் வரவேண்டும்

"மொதல்ல விஷயத்தச் சொல்லுங்க தாயி. பேரு, விலாசமெல்லாம் கடைசியில கேட்டுக்கிறேன்" என்றார் சங்கரலிங்கம்.

உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எதிரே மடக்கு மேசை போட்டு, இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறவர் அவர். பதவியில் இருப்பவர் மேல் புகார் என்று வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் பெயரைக் கேட்டால், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போவார்கள், அதோடு சரி. அதனால் மனுவின் தலையில் நாலு வரி இடம் விட்டுத்தான் ஆரம்பிப்பார்.

எதிரே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். மடியில் காய்கறிப் பை. முகத்தில் படபடப்பு இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"எங்க கவுன்சிலர் மேல கலெக்டருக்கு மனு எழுதணும்ணே. பதினோராம் வார்டு" என்று ஊரையும் சொன்னாள்.

"ராஜபாண்டிதான?"

ஊருக்கு ஊர் ஃப்ளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற ஆளை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அவரு கவுன்சிலர் இல்லண்ணே. அது பொம்பளைகளுக்கு ஒதுக்குன வார்டு. அவரு சம்சாரம்தான் கவுன்சிலர்."

"அந்தம்மா மொகத்த யாரு பாத்தா? ஃப்ளெக்ஸ்லகூட ஒரு ஓரத்துல தபால்தலை அளவுக்குத்தான் போட்டிருப்பாக. அப்ப புகார் ராஜபாண்டி மேலதான?"

"இல்லண்ணே, அந்தம்மா மேலதான். கையெழுத்து அது போட்டது."

விஷயம் இதுதான். வார்டில் பெண்களுக்கென்று இருக்கும் ஒரே கழிப்பறை, மோட்டார் கருகிப்போய் எட்டு மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது. திராட்சைத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் பெண்கள் வேலியோரம் மறைவு தேடி அலைகிறார்கள். போன வாரம் ஒரு பிள்ளைத்தாச்சி அங்கே வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 

இந்த லட்சணத்தில், 'கழிப்பறை நல்ல முறையில் இயங்கி வருகிறது' என்று கவுன்சிலர் எழுத்துமூலம் சான்று கொடுத்திருக்கிறார். பையில் கத்தரிக்காய்க்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள்.

சங்கரலிங்கம் வாங்கிப் பார்த்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் தடம் கருப்பாக விழுந்திருந்தது.

"இது என்ன தாயி?"

"மஞ்சத்தூளுண்ணே, ஜெராக்ஸ்ல கருப்பா விழுந்துருச்சு. மீன் கொழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது போட்ட கையெழுத்து. என்ன ஏதுன்னு படிச்சுக்கூடப் பாக்கல."

"கூடவே நின்னு பாத்த மாதிரி சொல்றீகளே."

"அந்த வீட்டு அடுப்படி எனக்கு நல்லாத் தெரியும்."

கவுன்சிலர் வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவள் என்று சங்கரலிங்கத்துக்குப் பட்டது. பாவமாக இருந்தது. இந்த மனுவால் வேலையே போய்விடாதா என்று கேட்டார்.

"அதெல்லாம் போகாதுண்ணே. அந்த வேலைக்கு வேற ஆளு வராது."

அவளுடைய தைரியம் அவருக்குப் பிடித்துப்போனது. மூன்று பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். 'கண்டும் காணாமல்', 'கடமை தவறிய' என்று தன் கைச்சரக்கையும் தாராளமாகச் சேர்த்தார். கவுன்சிலரைத் திட்டி எழுதிய இடங்களை அவர் உரக்கப் படித்துக் காட்டியபோது, அவள் தலையைக் குனிந்துகொண்டு, அது சரிதான் என்றாள்.

"பேரூராட்சி ஆபீசுல நேர்ல கேட்டுப் பாத்தீகளா?"

"போனேண்ணே. கவுன்சிலர் சொன்னாத்தான் செய்வோம், அவரைக் கூட்டிட்டு வாங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாக."

அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

"அப்படி வேணாம்ணே. கவுன்சிலரை நேர்ல வரச்சொல்லி விசாரிக்கணும்னு எழுதுங்க. அவருக்குப் பதிலா வேற யாரு வந்தாலும் உள்ள விடக்கூடாது. இதுக்குக் கீழ கோடு போடுங்க."

சங்கரலிங்கம் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். எல்லாம் முடிந்ததும் தலைப்பக்கம் விட்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"கவுன்சிலர் பேரு?"

"சினேகா. வீட்டுக்காரரு பேரு ராஜபாண்டி."

எழுதினார்.

"இப்ப புகார் குடுக்கிற உங்க பேரு, விலாசம்."

அவள் ஆதார் அட்டையின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். சங்கரலிங்கம் பெயரைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணவர் பெயரையும் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"தாயி, உங்க மேல நீங்களே புகார் குடுத்தா..."

"கலெக்டர் ஆபீசுக்குள்ள நான் போயிட்டாப் போதும்ணே, கழிப்பறையத் தொறக்க வச்சுட்டுத்தான் வெளிய வருவேன்" என்றாள் சினேகா. "மாலை, சால்வைக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரே போயிருவாக, திட்டு வாங்கக் கூப்பிட்டாத்தான் என்னைய அனுப்புவாக."