வெள்ளித் தண்ணீர்க்காரரின் முகம்

அதே படத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார் கலியமூர்த்தி.

"மூஞ்சி இன்னும் சாம்பலாத்தான்யா இருக்கு. ஒன் மெஷின்ல மை சரியில்ல."

வெள்ளிக் கம்பியைத் தண்ணீரில் போட்டு, பேட்டரி மின்சாரம் விட்டு, பாட்டிலில் அடைத்து விற்பவர் அவர். சளியிலிருந்து சர்க்கரை வரைக்கும் அதுதான் மருந்து. வருகிறவர்கள் முன்னால் ஒரு டம்ளர் தானே குடித்துக் காட்டுவார். வீட்டிலும் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். லேபிளில் போடத்தான் இந்தப் படம்.

ஸ்டுடியோக்காரன் தவசிக்கும் முதலில் மெஷின்மேல்தான் சந்தேகம். மையை மாற்றிப் பார்த்திருந்தான். இப்போது படத்தை உற்றுப் பார்த்தான். சட்டை வெள்ளையாக இருந்தது. நெற்றிக் குங்குமம் சிவப்பாகவே இருந்தது. முகம் மட்டும் ஈயப் பாத்திரம்போல நீலம் பூத்திருந்தது. நிமிர்ந்து எதிரே நின்றவரைப் பார்த்தான். படத்தில் ஒரு தப்பும் இல்லை.

"அண்ணே, ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"எந்த டாக்டர்யா ஒன்னத் தூண்டிவிட்டது? ஒழுங்கா கலரப் போட்டு வையி."

விருட்டென்று வெளியே போய் பைக்கை உதைத்தார். கூட வந்த அவர் மனைவி செங்கமலம் எழுந்திருக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்ட பிறகு, முந்தானைக்குள் வைத்திருந்த கையை எடுத்து, மேசைமேல் கிடந்த வெள்ளைத் தாளில் விரித்து வைத்தாள். நகங்களின் அடியில் லேசாக ஒரு நிழல்.

"இது ஒங்க லைட்டாலதானே தம்பி?"

தவசி எழுந்து விளக்கை அணைத்தான். வாசல் வெயில் நேராக அந்தக் கைமேல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.